பனியன் கம்பெனியில் உடம்பும் உற்பத்தியும்: கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் 18 வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஆள் உடம்புக்கும் கம்பெனி வரவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு என் பதில்.

60 மெஷின் வைத்திருக்கிறேன். லீவு குறைவுதான், ஆனாலும் புரொடக்‌ஷன் தேறவில்லையே அக்கா?

லீவு போட்டவர் ரிஜிஸ்டரில் தெரிவார். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்திருப்பவர் எதிலும் தெரியமாட்டார். மணிவாரி ஷீட்டை எடுத்து, மதியம் 3 மணிக்கு மேல் எந்த லைனில் ஆல்டர் (தப்பாகத் தைத்து, திரும்பச் சரிசெய்யவேண்டிய பீஸ்) ஏறுகிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த லைனுக்கே போய்த் தண்ணீர் பாட்டில்களைப் பாருங்கள். சாயங்காலமும் நிறைந்தே இருந்தால், பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை என்று அர்த்தம். தலைவலி, நீர்க்கடுப்பு எல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கட்டுகிறோமே, போதாதா?

சம்பளத்தில் நீங்கள் 3.25 சதவீதமும் தொழிலாளர்கள் 0.75 சதவீதமும் கட்டுகிறீர்கள். நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. சாதாரணக் காய்ச்சலே இரண்டு நாள்தானே! அதனால்தான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள், பக்கத்து மெஷினுக்கும் தொற்றுகிறது. அந்த இரண்டு நாள் கூலியை நீங்களே கொடுங்கள். கப்பலில் போகவேண்டிய சரக்கைத் தாமதத்தால் விமானத்தில் அனுப்பிப் பார்த்தவருக்கு இது பெரிய தொகையாகத் தெரியாது.

குறைந்த செலவில் நல்ல பலன் எதில்?

யோசிக்காமல் சொல்வேன்: கண்ணாடி. நாற்பது தாண்டிய ஓவர்லாக் டைலர் ஒருவர், நூல் கோக்க ஊசியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். கடைசியில் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டுவார். "கை பழசாயிடுச்சு" என்று மேஸ்திரி திட்டினார். பழசானது கண். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் வெள்ளெழுத்துக்கான, அதாவது கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்துச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. கண்ணாடி இல்லாதவர்களைவிடக் கொழுந்து பறிப்பது சுமார் 22 சதவீதம் கூடுதல். தையலுக்குக் கண் அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

செக்கிங்கில் இருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், அசதி போகவில்லை அக்கா.

எப்போது போடுகிறாய் கண்ணு? நாலு மணி டீயோடு என்றால் வீண். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் போடு, கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ. ஒரு மாசம் கழித்து டிஸ்பென்சரியில் ரத்தம் பார்த்துக்கொள்.