ஸ்கிட் ஸ்டியர் லோடரில் ஒரே ஹைட்ராலிக் ஹோஸ் ஏன் திரும்பத் திரும்ப வெடிக்கிறது?

ஸ்கிட் ஸ்டியர் எனும் சிறிய மண் அள்ளும் இயந்திரத்தில், பக்கெட் கவிழ்க்கும் சிலிண்டருக்குப் போகும் அரை அங்குல ஹோஸ் ஓராண்டுக்குள் மூன்று முறை போய்விட்டது, இன்னும் அதிக அழுத்தம் தாங்கும் ஹோஸ் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்காதீர்கள். அந்த யோசனையில் நானே இரண்டு ஹோஸ்களைப் பலி கொடுத்திருக்கிறேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். இந்த வகை லோடர்களில் தூக்குவது, கவிழ்ப்பது போன்ற வேலைகளுக்கான அழுத்தம் பெரும்பாலும் 200 முதல் 240 பார் (அழுத்த அலகு) வரைதான். இரண்டு கம்பிப் பின்னல் கொண்ட சாதாரண அரை அங்குல ஹோஸே 275 பாருக்கு மதிப்பிடப்பட்டது. அது வெடிக்க வேண்டிய அளவு அதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே உங்கள் ஹோஸைக் கொன்றது அழுத்தமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தடித்த ஹோஸ் போட்டால் நிலைமை மோசமாகவும் ஆகலாம். அந்த இரண்டு பின்னல் ஹோஸை 180 மில்லிமீட்டர் ஆரம் வரை வளைக்கலாம். நான்கு சுருள் கம்பி ஹோஸுக்கு 230 மில்லிமீட்டர் வேண்டும். லோடரின் தூக்கும் கை திரும்பும் மூட்டருகே அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது?

முதலில் செத்த ஹோஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். கிரிம்ப் செய்த, அதாவது உலோக முனையை நசுக்கி இறுக்கிய இடத்தை ஒட்டிக் கிழிந்திருந்தால், பிட்டிங்கை (அந்த உலோக இணைப்பு முனையை) விட்டு வெளியே வந்ததுமே அது வளைய வேண்டியிருந்திருக்கிறது. மேல் ரப்பர் தேய்ந்து உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் எதன் மீதோ உரசியிருக்கிறது. ரப்பர் விறைத்து வெடிப்பு விட்டிருந்தால் சூடு. ஹோஸின் நீளவாக்கில் அச்சிட்ட எழுத்து வரி ஒன்று ஓடும். ஹோஸ் இயந்திரத்தில் இருக்கும்போது அந்த வரி கொடிபோல் சுற்றிக்கொண்டு போனால், முறுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். முறுக்கிய ஹோஸுக்குள் அழுத்தம் ஏறும் ஒவ்வொரு முறையும் அது முறுக்கைப் பிரித்துக்கொள்ளத் துடிக்கும். நட்டைத் தளர்த்தும், இல்லையென்றால் பின்னலை அறுக்கும்.

என் கதை இதைவிட வெட்கக்கேடானது. பழைய ஹோஸின் நீளத்தை அளந்து அதே நீளத்துக்குப் புதியது செய்து வாங்கினேன். லோடரின் கைகளைத் தரையில் இறக்கி வைத்த நிலையில் பொருத்தினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, துளித் தொய்வு இல்லை. கையை முழு உயரத்துக்குத் தூக்கியதும் மூட்டருகே ஹோஸ் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றது. பழைய ஹோஸே குட்டையானது. அதன் தவறை மில்லிமீட்டர் பிசகாமல் நகலெடுத்திருக்கிறேன். அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம் என்பதும் அப்போது என் நினைவில் இல்லை. ஒரு மீட்டர் ஹோஸில் அது 4 சென்டிமீட்டர்.

அதன் பிறகு வேறு விதமாக அளக்கிறேன். பக்கெட்டைக் கழற்றி, திறந்த வாய்களுக்கு மூடி போட்டு, அதே தடிமனுள்ள வீணான ஹோஸ் துண்டு ஒன்றை அந்தப் பாதையில் கட்டிவிடுகிறேன். ஒருவர் இருக்கையில் அமர்ந்து கைகளை மெதுவாக ஏற்றி இறக்க, நான் தள்ளி நின்று பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படமெடுக்கிறேன். எங்கே இழுக்கிறது, எங்கே மடிகிறது, எப்போது சட்டத்தில் உரசுகிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும். தூக்கிய கைகளுக்குக் கீழே போக வேண்டியிருந்தால், இயந்திரத்தோடு வந்த தாங்கியைப் பூட்டாமல் தலையை நீட்டாதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் நிற்கக் கூடாது.

என் ஹோஸுக்கு மருந்து மூன்று சின்ன மாற்றங்கள். நேர் முனைக்குப் பதில் ஒரு பக்கம் 45 பாகை எல்போ, அதாவது வளைந்த முனை. நீளம் கொஞ்சம் கூடுதல். மூட்டை ஒட்டியிருந்த கிளாம்பைக் கழற்றித் தள்ளிப் பொருத்தினேன். அதுதான் ஹோஸை அசையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வளையும் இடத்தில் கிளாம்ப் வைக்கக் கூடாது. வளைவு ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இரண்டு தளங்களில் வளைந்தே ஆக வேண்டுமென்றால், தளம் மாறும் இடத்தில் கிளாம்ப் போட்டால் முறுக்கு ஏறாது. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு ஹோஸ்கள் ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வையுங்கள். ஒன்று நீளும்போது மற்றது சுருங்கும், அரம்போல் அறுத்துக்கொள்ளும்.

இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று ஹோஸ் முனையைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருக. ஒற்றை ஸ்பேனரால் வேகமாக முடிப்பவர்கள்தான் முறுக்கிய ஹோஸ்களின் தந்தையர்.

பிட்டிங் விஷயத்தில் மரை பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். அரை அங்குல அளவில் 37 பாகைக் கூம்பு கொண்ட ஜேஐசி, ரப்பர் வளையம் கொண்ட ஓ-ரிங் பாஸ் என்ற இரண்டு பிட்டிங் வகைகளுக்கும் மரை ஒன்றேதான்: முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை. ஒன்றை மற்றதில் அழகாகத் திருகிவிடலாம், ஆனால் அடைக்காது. ஜேஐசி கூம்பில் அடைக்கிறது, மற்றது ஓ-ரிங்கில். குழாய் மரை வகைகளான அரை அங்குல பிஎஸ்பியும் என்பிடியும் அங்குலத்துக்கு 14 மரைதான். மரைக் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. சில சுற்று ஏறிவிட்டுப் பிறகு ஏமாற்றும். கசிகிறதே என்று ஜேஐசியிலும் ஓ-ரிங் பாஸிலும் டெஃப்லான் டேப் சுற்றுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அங்கே மரை அடைப்பதே இல்லை. டேப்பின் கிழிசல் வால்வுக்குள் போய்ச் சிக்கும். அதிரும் இடங்களில் தட்டையான முகத்தில் ஓ-ரிங் கொண்ட ஓஆர்எஃப்எஸ் எனக்குப் பிடித்தது, ஆனால் இருப்பதை மாற்றும் அளவுக்கு அவசியமில்லை.

கழற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, சாவியை ‘ஆன்’ நிலையில் வைத்து, லீவர்களை எல்லாத் திசையிலும் அசைத்து மிச்ச அழுத்தத்தை விடுவியுங்கள். கசிவைத் தேடி ஹோஸின் மீது கையை ஓட்டாதீர்கள். அட்டைத் துண்டைப் பிடியுங்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் முள் குத்தியதுபோல்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனாலும் அது உடனே அறுவை மருத்துவரிடம் ஓட வேண்டிய காயம்.

ஹோஸ் செய்யக் கொடுக்கும்போது பழையதையும் எடுத்துச் செல்லுங்கள். நீளத்துக்கு நீங்கள் புதிதாக அளந்த அளவைக் கொடுங்கள். இரண்டு முனையிலும் எல்போ இருந்தால் ஒன்றுக்கொன்று எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதை மட்டும் பழையதில் பார்த்துக்கொள்ளட்டும்.