நகர நிர்வாகத்தில் வருடாந்திர பட்ஜெட் போடவே ஏழெட்டு மாதம் ஆகிறதே, இதைச் சுருக்க வழி உண்டா? எந்த மென்பொருள் நல்லது?

வழி உண்டு. மென்பொருளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், வேலையிலும் அது கடைசியில் வரவேண்டியதுதான்.

ஒரு நகர நிர்வாகத்தின் நிதிப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். ஆரம்பத்தில் கூட்டல் கழித்தல் வேலைதான் நேரத்தைத் தின்கிறது என்று நினைத்தேன். ஒரு வருடம் சும்மா ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தேன்: பூங்காத் துறையின் கோரிக்கைப் படிவம் எந்த மேஜையில் எத்தனை நாள் கிடக்கிறது என்று. எங்களிடம் வந்த நாளிலிருந்து நகர மன்றத்துக்குப் போகும் வரை நான்கு மாதத்துக்கு மேல் சுற்றியது. அதைத் திறந்து வைத்து யாராவது உட்கார்ந்து வேலை பார்த்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வாரம்கூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் காத்திருப்பு, இல்லையென்றால் செய்ததையே திரும்பச் செய்தது.

திரும்பச் செய்ய வேண்டி வந்தது ஏன்? எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். எல்லாத் துறைகளும் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டிப் பார்த்தால் வருவாயைத் தாண்டி எங்கேயோ நிற்கும். உடனே எல்லோருக்கும் திருப்பி அனுப்பி "குறையுங்கள்" என்போம். அவர்கள் கொஞ்சம் குறைத்து அனுப்புவார்கள், நாங்கள் மறுபடி அனுப்புவோம். குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன், போன வருடம் ஆறு பம்ப் வாங்கினீர்கள், இந்த வருடம் பத்து எதற்கு என்று. மனிதர் மறைக்கவே இல்லை. "சார், பத்து கேட்டாத்தான் ஆறு தருவீங்க. ஆறு கேட்டா நாலுதான் கிடைக்கும். எனக்குத் தேவை ஆறு." அவர் மேல் தப்பில்லை. எங்கள் முறை அவரை அப்படித்தான் பழக்கியிருந்தது.

அதனால் என்னைக் கேட்டால் செய்யவேண்டிய முதல் காரியம் இதுதான்: துறைகளுக்குப் படிவம் போவதற்கு முன்னாலேயே வருவாய் மதிப்பீட்டை முடித்துவிட வேண்டும். சொத்து வரி, கட்டணங்கள், மேலே உள்ள அரசிடமிருந்து வரும் மானியம், எல்லாவற்றுக்கும் ஒரு தோராயக் கணக்கு போதும். அதை வைத்து ஒவ்வொரு துறைக்கும் ஓர் உச்சவரம்பு சொல்லிவிடுங்கள். "இவ்வளவுதான், இதற்குள் எதை எங்கே வைப்பது என்பது உங்கள் பாடு. கூடுதலாக வேண்டுமென்றால் தனித்தாளில் எழுதி, முக்கியத்துவ வரிசைப்படி கொடுங்கள்." வருவாய்க் கணக்கு பின்னால் மாறினால் என்ன செய்வது என்று நிதிப் பிரிவில் உள்ளவர்கள் பயப்படுவார்கள். மாறத்தான் செய்யும். அதற்காக ஒரு சிறு பங்கை யாருக்கும் ஒதுக்காமல் கையில் வைத்துக்கொள்ளலாம். உச்சவரம்பை முதன்முதலில் அனுப்பிய வருடம் அந்தப் பொறியாளர் ஆறு பம்ப்தான் கேட்டார்.

அடுத்தது, நமக்கே தெரிந்ததைத் துறைகளிடம் கேட்காமல் இருப்பது. சம்பளம், ஓய்வூதியம், கடன் தவணை, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் கணக்கெல்லாம் நிதிப் பிரிவிலும் பணியாளர் பிரிவிலும் இருக்கிறது. அதை நாமே நிரப்பிக் கொடுத்துவிட்டு, "மாற்றம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்" என்றால் போதும். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு துறையும் பணியிடங்களைத் தானே தட்டச்சு செய்து அனுப்பியது, பணியாளர் பிரிவு வேறொரு பட்டியல் அனுப்பியது, இரண்டும் ஒருநாளும் பொருந்தியதில்லை. அச்சுக்குப் போவதற்கு முந்தைய இரவு ஒன்று இன்னும் நினைவிருக்கிறது. கோப்பின் பெயர் "இறுதி_புதியது_இதுதான்_7". தீயணைப்புத் துறையின் மொத்தம், சுருக்கப் பக்கத்தில் ஒன்றும் விரிவுப் பக்கத்தில் ஒன்றுமாக இருந்தது. மூன்று பேர் நள்ளிரவு தாண்டித் தேடினோம். யாரோ கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், கூட்டல் சூத்திரம் அதற்கு முந்தைய வரியோடு நின்றுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். கண்டுபிடித்தவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்குத் தலைப்புகளின் எண்ணிக்கையையும் குறைக்கப் பாருங்கள். எழுதுபொருளுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, அஞ்சலுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே போனால், போடும்போது ஒரு தொல்லை, வருடம் முழுக்க ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மறுஒதுக்கீடு கேட்டுக் கோப்பு ஓடுவது இன்னொரு தொல்லை. மன்ற உறுப்பினர்கள் பிடி போய்விடும் என்று தயங்குவார்கள். விரிவான பட்டியலை இணைப்பாகக் கொடுத்துவிட்டு, வாக்கெடுப்பை மட்டும் திட்ட அளவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் யாராவது "பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பட்ஜெட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த பீட்டர் பைர் அதைப் பற்றி 1970இல் எழுதினார். ஜார்ஜியா மாநில ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் அதை அங்கே கொண்டுவந்தார், அமெரிக்க அதிபரானபின் 1977இல் மத்திய அரசுக்கும் கொண்டுபோனார். அடுத்த அதிபராக ரீகன் வந்ததும் 1981இல் கைவிட்டார்கள். ஒவ்வொரு செலவையும் ஒவ்வொரு வருடமும் அடியிலிருந்து நியாயப்படுத்து என்றால் காகிதம்தான் மலையாகும். சுருக்க நினைப்பவர்களுக்கு அது சரிப்படாது. ஐந்தில் ஒரு பங்கு துறைகளை மட்டும் ஒரு வருடம் அப்படி ஆழமாகப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் அடுத்த பங்கு என்று சுற்றினால் தாங்கும்.

வருடக் கடைசி அவசரமும் இதோடு சேர்ந்ததுதான். மிச்சம் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள், அடுத்த வருட ஒதுக்கீட்டையும் குறைப்பார்கள் என்று தெரிந்தால் யார் மிச்சம் வைப்பார்கள்? ஜெஃப்ரி லீப்மன், நீல் மஹோனி என்ற இரண்டு பொருளியலாளர்கள் அமெரிக்க மத்திய அரசின் கொள்முதலை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். வருடத்தின் கடைசி வாரச் செலவு மற்ற வாரங்களின் சராசரியைப்போல 4.9 மடங்கு. அந்த அவசரத்தில் தொடங்கிய கணினித் திட்டங்களின் தரமும் குறைவு. மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக அனுமதி இருந்த அமெரிக்க நீதி அமைச்சகத்தில் கணினிச் செலவில் அந்தக் கடைசி வாரக் குதிப்பு இல்லை. நகரத்தில் ஒரு பகுதியையாவது இப்படி வைத்துக்கொள்ள விட்டால், அடுத்த வருடக் கோரிக்கையில் புளுகு குறையும், அதைச் சரிபார்க்கும் வேலையும் குறையும்.

இரண்டு வருடத்துக்குச் சேர்த்துத் தயாரிப்பதும் ஒரு வழி. சியாட்டில் நகரத்தில் முதல் வருடத்தை நிறைவேற்றிவிட்டு, இரண்டாம் வருடத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்து, பிறகு திருத்தி நிறைவேற்றுவார்கள். வருவாய் ஓரளவு நிலையாக இருக்கும் இடத்துக்குத்தான் இது சரி.

சுருக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. சீக்கிரம் முடி என்று மேலிருந்து சொன்னால் அலுவலகம் முதலில் கைவைப்பது அங்கேதான்: மன்ற விவாதமும் மக்கள் கருத்துக் கேட்பும். எங்கள் இடத்திலும் நடந்தது. வாக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்னால் புத்தகத்தைக் கொடுத்தோம். ஓர் உறுப்பினர் அதைக் கையில் தூக்கிக் காட்டி, "இதை எடை போட்டுத்தான் பார்க்க முடிந்தது, படிக்க முடியவில்லை" என்றார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. மேயரின் முதல்கட்ட பட்ஜெட் வழக்கமாக ஜனவரியிலேயே வந்துவிடும், ஏப்ரல் கடைசிவாக்கில் அடுத்தது, ஜூன் முடிவதற்குள் மன்றம் நிறைவேற்ற வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் ஆறு மாத இழுவை. ஆனால் அந்த ஆறு மாதமும் எண்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றன. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில் 1989இல் மக்களே கூடி முதலீட்டுச் செலவுகளை வரிசைப்படுத்தும் முறையைத் தொடங்கினார்கள், அதற்கும் மாதக்கணக்கில் கூட்டங்கள் நடந்தன. இந்த மாதிரி நேரத்தையும், ஒரு படிவம் மேஜையில் தூங்கும் நேரத்தையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள்.

சரி, மென்பொருள். எது வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் அதற்கு முன்னால் எல்லாத் துறைகளின் கணக்குத் தலைப்புக் குறியீடுகளையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். நாங்கள் வரிசையை மாற்றி, மென்பொருளை முதலில் வாங்கிவிட்டோம். முதல் வருடம் துறைகள் எக்செல்லில் போட்டு முடித்துவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து மென்பொருளில் தட்டச்சு செய்தார்கள். வேலை இரட்டிப்பானது. குறியீடுகளை ஒழுங்குபடுத்திய பிறகு, மூன்றாம் வருடம்தான் எக்செல் நின்றது. பூங்காத் துறையில் மட்டும் இன்னும் ஒரு கோப்பு ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.