ஞாயிற்றுக்கிழமை கேட்ட வசனம் திங்கட்கிழமை ஏன் உதவுவதில்லை?

கும்பகோணத்தில் ஒரு வங்கிக் கிளையில் கவுன்டரில் பணிபுரிவதாகச் சொல்லி, நீங்கள் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். விசுவாசத்தையும் தாழ்மையான ஊழியத்தையும் பற்றி ஆலயத்தில் கேட்கும் வசனங்களை வேலை நாளில் கடைப்பிடிப்பது எப்படி, அது முடியாமல் போவதற்கு விசுவாசக் குறைவுதான் காரணமா, பணிந்துபோகிறவரை மற்றவர்கள் ஏறி மிதித்தால் என்ன செய்வது என்பவை அவை. நான் இறையியல் படித்தவள் அல்லள். பொறையாற்றுப் பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். லுத்தரன் சபையைச் சேர்ந்தவள். கணவர் வழியில் வந்த கொஞ்சம் நஞ்சை நிலத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அந்த அளவில் எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியை உங்களுக்கு முன்பே அப்போஸ்தலர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒருவன் ஒரே நாளில் ஏழுதரம் குற்றம் செய்து ஏழுதரமும் மனஸ்தாபப்பட்டு வந்தால் ஏழுதரமும் மன்னிக்க வேண்டும் என்று இயேசு சொன்னதும், அது தங்களால் ஆகிற காரியமல்ல என்று மலைத்துப்போய், எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ண வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தாலே போதும் என்று அதற்கு அவர் சொன்ன வசனத்தோடு பெரும்பாலான பிரசங்கங்கள் முடிந்துவிடுகின்றன. ஆனால் அவருடைய பதில் அங்கே முடியவில்லை. அதே மூச்சில், பகல் முழுவதும் ஏர் உழுதுவிட்டோ மந்தை மேய்த்துவிட்டோ வீடு திரும்பும் ஓர் ஊழியக்காரனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அவன் வந்ததும் உட்கார்ந்து சாப்பிடு என்று எஜமான் சொல்வதில்லை. முதலில் எனக்குச் சமைத்துப் பரிமாறு என்கிறான். செய்தபின் நன்றியும் சொல்வதில்லை. நீங்களும் கட்டளையிடப்பட்ட யாவற்றையும் செய்தபின், நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர், செய்யவேண்டிய கடமையை மாத்திரம் செய்தோம் என்று சொல்லுங்கள் என்று முடிக்கிறார். விசுவாசத்தின் அளவைக் கூட்டித் தரும்படி கேட்டவர்களுக்கு, வயலிலிருந்து களைத்து வந்தபின்னும் அடுப்படிக்குப் போகிற ஒருவனை அவர் காட்டியதைத்தான் நான் இந்தப் பகுதியின் மையமாக எடுத்துக்கொள்கிறேன். விசுவாசம் முதலில் நிறையட்டும், பிறகு பணிவிடை தானாக வரும் என்று காத்திருப்பவருக்கு இந்தப் பகுதியில் இடமில்லை. கடுகளவு இருந்தால் போதும், அது உங்களிடம் இருக்கிறது, அடுத்த வேலையைச் செய்யுங்கள் என்பதே அங்கே கிடைக்கிற பதில்.

ஆனால் இந்த வசனத்தைக் காவிரிப் படுகையில் உட்கார்ந்து வாசிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம் என்று நினைக்கிறேன். இங்கே தாழ்மை எல்லாருக்கும் ஒரே அளவாகப் போதிக்கப்பட்டதில்லை. சேற்றில் இறங்குகிறவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக விதிக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி, உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு, செய்த வேலைக்கு நன்றியை எதிர்பார்க்காதே என்று கூலியாளிடம் சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. இயேசுவும் அப்படிச் சொல்லவில்லை. கதையை அவர் தொடங்குகிற விதத்தைப் பாருங்கள்: உங்களில் ஒருவனுக்கு உழுகிற ஊழியக்காரன் இருந்தால் என்றுதான் தொடங்குகிறார். கேட்பவரை முதலில் எஜமானின் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கடைசி வரியில் எழுப்பி ஊழியக்காரனின் இடத்தில் நிறுத்துகிறார். ஆகவே இது உட்கார்ந்து பழகியவர்களுக்கான பாடம். சபைகளும் இதில் சுத்தமாக இருந்ததில்லை. ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு அறவே விடப்பட வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தபோது, அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்த இடங்களில் தஞ்சாவூர்ச் சபையும் ஒன்று.

நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு விசுவாசம் முதலில் சோதிக்கப்படுகிற இடம் கூலி. கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் தங்கியிருக்கலாகாது என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. வயலை அறுத்தவர்களிடமிருந்து பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். நடவு முடிந்த மாலையிலேயே கணக்கைத் தீர்த்துவிடுவது என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம். (வலதுகை செய்வதை இங்கே இடதுகைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் சிரிக்கலாம், கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேறு வழி தெரியவில்லை.) கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வரத் தாமதமாகும் பருவங்களில் இது எளிதல்ல, நகையை அடகு வைத்துக் கூலி கொடுத்ததும் உண்டு. நமக்கு வரவேண்டியது வரவில்லை என்பதற்காக அவர்களுக்குப் போகவேண்டியதை நிறுத்தி வைப்பதில்லை என்ற முடிவில் ஒரு விசுவாசம் இருக்கிறது; அதை அறிக்கையிட சபையில் சாட்சி சொல்லத் தேவையில்லை.

இதற்குத் தஞ்சாவூரிலேயே ஒரு முன்னோடி உண்டு. ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தபோது, நெல் வைத்திருந்த குடியானவர்கள் கோட்டைக்கு நெல்லைக் கொண்டுவர மறுத்தார்கள். ஏற்கெனவே ஏமாற்றப்பட்டிருந்த அவர்கள் அரசரின் வாக்கையும் நம்பவில்லை, கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) வாக்கையும் நம்பவில்லை. அப்போது தஞ்சையில் ஊழியம் செய்துவந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று ஊர்களுக்கு எழுதினார். இரண்டொரு நாளில் 1,000 மாடுகள் வந்தன, 80,000 கலம் தானியம் சேர்ந்தது என்பது அவருடைய கடிதத்தில் உள்ள செய்தி. வந்தவர்களுக்கு உரியதை அவர் தீர்த்துக் கொடுத்தனுப்பினார். அவருடைய பிரசங்கங்களில் எத்தனை அந்தக் குடியானவர்களின் காதில் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. சொன்ன சொல் மாறாதவர் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அண்மை ஆண்டுகளில் எங்கள் பக்கம் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் குழுவாக வருகிறார்கள். மோட்டார் கொட்டகையில் தங்கி, தாங்களே சமைத்துக்கொண்டு, சில நாட்களில் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். இதனால் உள்ளூர்ப் பெண்களுக்கு நடவு வேலை குறைகிறது என்ற கவலை நியாயமானது. அதற்கு வசனத்தில் ஆயத்த விடை இல்லை. அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள் என்ற மத்தேயு 25-ஆம் அதிகார வசனம் மட்டும், அவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீரும் ஒதுங்க மறைவான இடமும் கொடுப்பதை எங்கள் கடமையாக்குகிறது. அதேபோல, கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் நம் வயல் நிறைந்ததும் எழுந்துபோய் மடையை அடைப்பது, அவனவன் பிறருக்கானவைகளையும் நோக்கக்கடவன் என்ற பிலிப்பியர் வசனத்தைக் கடைப்பிடிப்பதுதான். என்ன, அது பெரும்பாலும் நடுச்சாமத்தில் வரும்.

வீட்டுக்குள் வந்தால் இந்தப் பேச்சு இன்னும் கடினமாகிறது. பணிவிடையைப் பற்றிய பிரசங்கம் எந்த மேடையில் நடந்தாலும் அதன் பாரம் கடைசியில் பெண்கள் தலையில்தான் இறங்கும் என்பது என் நெடுநாள் மனக்குறை. என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவரைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் என் பொறுப்பாக வந்தன. யோவான் 13-ஆம் அதிகாரத்தை அதற்கு முன் எத்தனையோ பெரிய வியாழக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். இயேசு எழுந்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் கால்களைக் கழுவுவதைத்தான் அப்போதெல்லாம் கவனித்திருக்கிறேன். மாமியாரின் கட்டிலருகே நின்றபோதுதான் பேதுரு கண்ணில் பட்டார். நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது என்று அவர் மறுத்ததைப் போலவே, அத்தையும் மறுத்தார். வாழ்நாளெல்லாம் நடவுக்கும் களைக்கும் போய், சேற்றுப்புண் ஆறாத கால்களோடு ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். பிறருக்குச் செய்து பழகிய அவருக்குப் பிறரிடம் செய்துகொள்வது தாங்க முடியாத அவமானமாக இருந்தது. என் காலைத் தொடாதே, நீ படித்தவள் என்று அழுவார். எங்கள் இருவரில் அந்த நாட்களில் அதிகத் தாழ்மையைக் கற்றவர் அவர்தான். கழுவுகிறவருக்கு ஓர் உயர்ந்த எண்ணம் உள்ளூர மிஞ்சும். கழுவப்படுகிறவருக்கு அதுவும் இல்லை. நாளாக ஆக அவர் மறுப்பதை விட்டார். பின்னர் என் கணவரும் கற்றுக்கொண்டு, தாயின் கால்களைத் தாமே கழுவத் தொடங்கினார். அந்த அதிகாரத்தில் சீலை கட்டிக்கொண்டவர் ஓர் ஆண் என்பதை எங்கள் ஆண்களுக்கு யாராவது பிரசங்கிக்கலாம்.

உங்கள் கவுன்டருக்கு வருகிறேன். அங்கே உங்களுக்கு வேண்டிய பகுதி யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கம் என்று நினைக்கிறேன். பொன்மோதிரமும் மினுக்கான உடையும் அணிந்த ஒருவர் வருகிறார், கந்தையணிந்த தரித்திரர் ஒருவரும் வருகிறார்; முன்னவருக்கு நல்ல இடத்தில் உட்காரும்படி உபசாரம், பின்னவருக்கு அங்கே நில் என்ற உத்தரவு. யாக்கோபு இதை ஜெபக்கூடத்தைப் பற்றி எழுதினார். ஆனால் நிரந்தர வைப்பு வைத்திருப்பவர் மேலாளர் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வந்த மூதாட்டி கைரேகை பதியவில்லை என்று நாளைக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிற காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலாளர் அறையை உங்களால் மாற்ற முடியாது. அந்த அம்மாவின் விரலை ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைத்துப் பார்ப்பதும், படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், அப்படியும் ஆகாவிட்டால் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று எரிச்சலில்லாமல் சொல்வதும் உங்கள் கைக்குள் இருக்கின்றன. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த அம்மாவும் ஒருவேளை உங்களைத் திட்டிவிட்டுப் போவார். லூக்கா 17-இன் ஊழியக்காரனுக்கும் யாரும் நன்றி சொல்லவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய் அதை ஒரு சாதனையாக நினைத்துப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்தவரை இதில் மிகக் கடினமான பகுதி.

ஏறி மிதிப்பவர்களைப் பற்றிய உங்கள் மூன்றாவது கேள்வி மிகவும் நியாயமானது. உடன் பணிபுரிபவர் தம்முடைய வேலையையும் உங்கள் மேசையில் தள்ளிவிடுகிறார், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் கையெழுத்திடச் சொல்கிறார், மறுத்தால் நீயெல்லாம் ஒரு கிறிஸ்தவனா என்று குத்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவதை எப்போதாவது செய்து கொடுங்கள், எப்போதும் செய்யாதீர்கள். உங்கள் களைப்பையும் அவருடைய சோம்பலையும் சேர்த்து எடைபோட உங்களுக்குத் தெரியும். இரண்டாவதைச் செய்யவே கூடாது. சீஷர்களின் கால்களைக் கழுவிய அதே இரவில், பிரதான ஆசாரியனின் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது இயேசு பேசாமல் இருக்கவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் அதை ஒப்புவி, தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18-இல் இது இருக்கிறது. குரலை உயர்த்தாமல் காரணம் கேட்பது தாழ்மைக்கு விரோதமானதல்ல.

எங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்றும் இதற்கு உண்டு. ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல், அப்போது டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது வயது 24-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. தமிழ் கற்க அவர் செய்த முதல் காரியம், ஒரு வாத்தியாரைத் தம் இருப்பிடத்தில் பள்ளி நடத்தச் சொல்லி, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதியது. குழந்தைகளுக்குச் சமமாக உட்காரத் தெரிந்த அந்த மனிதர்தான், ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவருக்காகப் பேசப்போய், டேனியத் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி, ஏறக்குறைய நான்கு மாதங்கள் சிறையில் கிடந்தார். வெளியே வந்தபின் அதே தளபதியின் அதிகாரத்துக்கு உட்பட்ட அதே ஊரில் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1715-இல் அது தமிழில் அச்சாகி முடிந்தது. ஆகவே கையெழுத்திட மறுத்த மறுநாளும் நீங்கள் அந்தச் சக ஊழியருக்கு வழக்கம்போல் காலை வணக்கம் சொல்லலாம். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவருடைய கவுன்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தமுறை அதே காகிதத்தை நீட்டினால், அதே மரியாதையோடு அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.