கணவரின் குரல் கேட்கிறது, எனக்கு மனநோயா?

கேள்வி: என் கணவர் மாரடைப்பில் இறந்து 14 மாதங்கள் ஆகின்றன. எனக்கு வயது 54. சில நாள் அவர் என்னைக் கூப்பிடுவது போலவே கேட்கிறது. மறதி, தூக்கமின்மை வேறு. தோழி தந்த தூக்க மாத்திரையைத் தினமும் போடுகிறேன். துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்கள் என்று இணையத்தில் படித்தேன். நான் ஒன்றையும் தாண்டவில்லை. அவர் அறையைத் திறக்கவே முடியவில்லை. இனி எதற்கு என்று சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிட்டேன். மகள் தெரபிக்குப் போகச் சொல்கிறாள். அவரை மறக்கச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சர்க்கரை மாத்திரையை விட்டதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் அதுதான் முக்கியம். சாக வேண்டும் என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மருந்தை நிறுத்துவார்கள், சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்கள். அதனால் நேராகவே கேட்கிறேன்: உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? தூக்க மாத்திரையைச் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றே மகளிடம் சொல்லி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூன்றுக்கும் 'இல்லை' என்றால், நாளைக் காலை ரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துவிட்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இத்தனை நாள் விட்ட மாத்திரையை எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

குரல் கேட்பது பைத்தியம் இல்லை. துணையை இழந்தவர்களில் ஏராளமானோருக்கு இது நடக்கிறது, வெளியே சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள். மறதிக்குத் தூக்கமின்மையும், அந்தத் தூக்க மாத்திரையும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையுமே போதுமான காரணங்கள்.

ஐந்து கட்டங்களை விட்டுத்தள்ளுங்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. அதை இணையம் எல்லோருக்கும் கட்டாயப் பாடமாக்கி, பாஸாகவில்லை என்று உங்களை அழ வைக்கிறது. இன்னொருவருக்கு எழுதிய தூக்க மாத்திரையைப் போட்டது தவறு. அதற்காக இன்றிரவே நிறுத்தவும் வேண்டாம். சில வகைகளைத் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள், படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

சரி, தெரபி. ஒருவர் இறந்து ஓராண்டுக்கு மேலாகியும் ஏக்கம் அனேகமாகத் தினமும் அதே வேகத்தில் அழுத்தி, அன்றாட வாழ்வே நின்றுபோனால் அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்திலேயே கவனிக்கச் சொல்கிறது. நீங்கள் எழுதியிருப்பது அப்படித்தான் தெரிகிறது. நேரில் பார்ப்பவர் உறுதி செய்யட்டும். இதற்கென்றே வகுத்த சிகிச்சை உண்டு, வாரம் ஒரு முறையாகச் சுமார் 16 அமர்வுகள். அவர் இறந்த நாளைக் கண்ணை மூடிக்கொண்டு விவரமாகச் சொல்லச் சொல்வார்கள். அதைப் பதிவு செய்து வீட்டில் கேட்கச் சொல்வார்கள். அவரிடம் பேசாமல் விட்டதை மனதுக்குள் பேச வைப்பார்கள். அந்த அறையையும் ஒரே நாளில் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். ஒரு வாரம் கதவைத் திறந்து வாசலில் நிற்பது, அப்புறம் ஒரு சட்டையைக் கையில் எடுப்பது என்று மெதுவாகத்தான் போகும். நடுநடுவே உங்கள் வாழ்க்கையில் இனி என்ன வேண்டும் என்றும் கேட்பார்கள். இதில் எங்கேயும் மறக்கும் வேலையே இல்லை. அவரைப் பற்றி இவ்வளவு பேசுகிற இடம் வேறு கிடைக்காது.

மாத்திரை மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். இந்தத் தெரபியோடு மனச்சோர்வு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. மருந்தால் மனச்சோர்வு குறைந்தது. துக்கத்தைக் குறைப்பதில் மருந்து கூடுதலாக எதுவும் செய்யவில்லை, அந்த வேலையைச் செய்தது தெரபிதான்.

போன் செய்யும்போதே, நீடித்த துக்கத்துக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். முதல் நாளே 'மறந்துட்டு வேலையைப் பாருங்க' என்று சொல்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். முதல் சில வாரங்கள் அழுகை கூடலாம், அதற்காகப் பாதியில் நிறுத்தாதீர்கள். சர்க்கரை மாத்திரையை விட்டது மகளுக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.