சலூன் பெஞ்சில் அப்பா

கேள்வி: அம்மா காலமான பிறகு, 72 வயதான என் அப்பா, முடி வெட்ட வேண்டியிராத நாள்களிலும் தெருமுனை சலூனுக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். நாளிதழும் தொலைக்காட்சியும் வீட்டிலேயே இருக்க, அங்கே அப்படி என்ன இருக்கிறது? அவரைத் தடுக்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்.

பதில்: தடுக்க வேண்டாம், சகோதரி. வீட்டு நாளிதழை அவர் தனியாகப் படித்து மடித்து வைத்துவிடுவார். சலூனிலோ அதே நாளிதழ் தாள்தாளாகப் பிரிந்து நான்கு பேர் கைக்குப் போய், ஒருவர் வாசித்த செய்திக்கு இன்னொருவர் மறுப்புச் சொல்ல, கத்தரியை நிறுத்தாமலே கடைக்காரர் மூன்றாவதாக ஒரு கருத்தைச் சொல்வார். அங்கே பேச்சு பெரும்பாலும் கண்ணாடி வழியாகவே நடக்கிறது. நாற்காலியில் இருப்பவரும் பின்னால் பெஞ்சில் இருப்பவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதில்லை. பெற்ற பிள்ளைகளிடம் சொல்லத் தயங்கிய துக்கத்தை, சவரம் முடிந்து கன்னத்தில் படிகாரக் கட்டி தேய்க்கப்படும்போது, கண்ணாடியைப் பார்த்தபடியே ஒரு பெரியவர் சொல்லியதை நான் பெஞ்சில் இருந்து கேட்டிருக்கிறேன்.

முன்பு முடிதிருத்துபவர்தாம் வீடு வீடாகச் சென்று, திண்ணையிலோ கொல்லையிலோ வேலை செய்து, அறுவடைக் காலத்தில் நெல்லைக் கூலியாகப் பெற்றார். கடை என்று ஒன்று வந்த பிறகுதான் ஊரார் அவருடைய இடத்துக்கு வந்து, தங்கள் முறைக்காகக் காத்திருக்கத் தொடங்கினர். அந்தக் காத்திருப்பில் பிறந்ததே இந்தப் பேச்சு. ஆனால் அந்த பெஞ்சு எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955ஆம் ஆண்டிலேயே வந்தும், பட்டியல் சாதியினருக்கு முடி வெட்ட மறுக்கும் ஊர்களைப் பற்றிய செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் தெருக் கடையில் யாரும் யாருக்கும் பக்கத்தில் உட்கார முடிகிறது என்றால், அப்பா நல்ல இடத்தில்தான் இருக்கிறார்.

அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் இதையும் கேளுங்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில், கறுப்பின ஆண்கள் வழக்கமாகச் செல்லும் 52 முடிதிருத்தகங்களில் 319 பேரைக் கொண்டு நடத்தி, 2018இல் வெளியிட்ட ஆய்வில், கடைக்கே வந்த மருந்தாளுநரிடம் சிகிச்சை பெற்றவர்களின் மேல் அளவு இரத்த அழுத்தம் ஆறு மாதங்களில் சராசரியாக 27 புள்ளிகள் குறைந்தது. கடைக்காரரின் அறிவுரையோடு மருத்துவரைப் பார்க்கும்படி மட்டும் சொல்லப்பட்டவர்களுக்கு 9 புள்ளிகளே குறைந்தது. மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் ஆண்கள், பழகிய நாற்காலியில் உட்கார்ந்து மருந்துக்கு இணங்கியிருக்கிறார்கள்.

உங்கள் கைப்பேசி எண்ணைக் கடைக்காரரிடம் கொடுத்து வையுங்கள். அப்பாவின் முகம் வாடியிருந்தால் முதலில் கவனிப்பவர் அவராகவும் இருக்கலாம். செவ்வாய்க்கிழமைகளில் பெரும்பாலான சலூன்களுக்கு விடுமுறை. அன்று நீங்கள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நாளிதழைப் பிரித்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.