பேச்சுரிமையும் ஸ்பானிஷ் மொழியும்

கேள்வி: அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) அமைப்புகள் ஒருபக்கம் இணையச் சுதந்திரம் கேட்கின்றன, மறுபக்கம் ஃபேஸ்புக்கில் பொய்ப் பதிவுகளை நீக்கச் சொல்கின்றன. முரண்பாடாக இல்லையா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2006 மார்ச்சில், ஆவணமில்லாமல் குடியேறியவர்களைக் குற்றவாளிகளாக்கும் மசோதாவை எதிர்த்து லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். மைஸ்பேஸ் என்ற அந்தக் கால சமூக வலைத்தளத்திலும் குறுஞ்செய்தியிலும்தான் சேதி பரவியது. யாருடைய தயவும் இல்லாமல் பேசக் கிடைத்த இடம் அது. அதை இழக்க எப்படி மனம் வரும்? அதனால்தான் 1986ல் தொடங்கிய தேசிய ஹிஸ்பானிக் ஊடகக் கூட்டணி என்ற லத்தீனோ அமைப்பு, நெட் நியூட்ராலிட்டிக்காக (இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற விதி) அவ்வளவு பிடிவாதமாக நின்றது. 2017ல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் அந்த விதிகளை நீக்கக் கிளம்பியபோது, தகவல் பெறும் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, இது தொடர்பாக மக்கள் கொடுத்த 47,000க்கும் மேற்பட்ட புகார்கள் ஆணையத்திடமே இருப்பதை வெளியே கொண்டுவந்தது. ஆனாலும் டிசம்பரில் விதிகளை ரத்து செய்துவிட்டார்கள்.

சரி, பதிவு நீக்கம்? பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை, தனியார் நிறுவனத்தை அல்ல. 2021ல் தொடங்கிய ‘யா பாஸ்தா ஃபேஸ்புக்’ (‘போதும் ஃபேஸ்புக்’ என்று பொருள்) இயக்கம் கேட்டது நியாயமான விஷயம்தான்: ஆங்கிலத்தில் வரும் பொய்க்குக் காட்டும் கவனத்தை ஸ்பானிஷில் வரும் பொய்க்கும் காட்டுங்கள் என்பது. அப்புறம், மொழி தெரியாத இயந்திரம் வடிகட்டினால் நல்ல பதிவும் சேர்ந்து போய்விடும். ஸ்பானிஷ் தெரிந்த ஆட்களை வேலைக்கு வைத்தால் பேச்சுரிமைக்கும் அதுதான் பாதுகாப்பு.