கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தலைக்குப் போகுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் பெரியம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷனும் கீமோவும் எடுத்து முடித்தார். மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததுமே தலைவலி, வாந்தி. இப்போது வலது கையில் பிடித்த கப் நழுவுகிறது. பிரஷர்தான் என்கிறார்கள். அந்த நோய் தலைக்கும் போகுமா?

பதில்: போகும். அபூர்வம்தான், இந்த நோய் வந்தவர்களில் 100 பேருக்குச் சுமார் ஒருவர், ஆனாலும் போகும். கேன்சர் கிளினிக் தேதிக்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள். பிரஷர் கூடியே இருக்கட்டும், கையில் பலம் குறைந்தவருக்குத் தலையை ஸ்கேன் எடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது.

இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் அடிவயிற்றுக்குள்ளேயும் அங்குள்ள நிணநீர் முடிச்சுகளிலும்தான் பரவும். ரத்தத்தில் கலந்தால் நுரையீரல், கல்லீரல், எலும்பு. மூளைக்கு வருவது அதற்கெல்லாம் பிறகுதான் அதிகம். சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வருஷம் கழித்து இப்படித் தலைவலி வரும்போது, பழைய நோயை யாரும் நினைப்பதில்லை. அதனால் உள்ளே போனதும் முதல் பேச்சே "இவருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருந்தது" என்பதாக இருக்கட்டும், பழைய காகிதங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஸ்கேனுக்கு முன்னால் நாமே முடிவு கட்டவும் வேண்டாம். பக்கவாதமாக இருக்கலாம், மூளையில் டிபியாகவும் இருக்கலாம், நம் நாட்டில், அதுவும் எச்ஐவி உள்ளவர்களுக்கு, அது சகஜம். முதலில் சிடி எடுப்பார்கள், மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐதான் தெளிவாகக் காட்டும்.

பரவல்தான் என்றால், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள், மூளை வீக்கம் வடிந்து பலருக்கு ஓரிரு நாளிலேயே தலைவலி குறையும். அதைக் குணம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே கட்டி, உடம்பில் மற்ற இடத்தில் நோய் அடங்கியிருக்கிறது என்றால் அறுவை சிகிச்சையோ அந்த இடத்துக்கு மட்டும் ரேடியேஷனோ செய்யலாம். நிறைய இருந்தால் மூளை முழுவதற்கும் ரேடியேஷன். உங்களிடம் மறைக்க மாட்டேன், இந்தக் கட்டத்தில் முழுக் குணம் பெரும்பாலும் கிடைப்பதில்லை, ஆனால் வலியையும் வாந்தியையும் நிறையவே குறைக்க முடியும், அதற்கு வலி நிவாரண மருத்துவக் குழுவை ஆரம்பத்திலேயே கேளுங்கள்.

வழியில் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 10177-க்குக் கூப்பிடுங்கள். முதுகுவலியோடு கால் தளர்ந்தாலும், சிறுநீர் வராமல் நின்றாலும் இதே அவசரம்தான், தண்டுவடம் நசுங்கியிருக்கலாம்.